பொதுநிலமும் உறுதிப் பத்திரமும்

பேராதனையிலிருந்து பதுளை வழியாக மலையிறங்கி வரும் ஏ5 நெடுஞ்சாலை வந்து முடியுமிடம் செங்கலடிச் சந்தி. வழிப்போக்கருக்கு அது பஸ் மாறும் இடம் மாத்திரமே. ஆனால் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் அங்கே அமைந்திருப்பதாலும், அயலிலுள்ள வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் 1986 முதல் இயங்கி வருவதாலும், உத்தியோகத்தையும் படிப்பையும் வியாபாரத்தையும் நாடி வந்த குடும்பங்கள் நிலைத்துவிட்டமையால், திறந்து கிடந்த வெளிகளெல்லாம் பத்துப் பேர்ச், பதினைந்து பேர்ச் துண்டுகளாகி முட்கம்பிக்குள் அடங்கி வருகின்றன. வீடு கட்டுவோரைக் குறைகூற நியாயமில்லை. அந்த வீடுகளிலே வளரப்போகும் பிள்ளைகள் ஓடியாடுவதற்கும், வயோதிபர் மாலை வேளையில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவதற்கும் எந்த நிலம் எஞ்சியிருக்கும் என்பதைத்தான் இப்போதே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சறுக்கையும் நிழல் மரத்தையும் நினைப்பது இயல்பு. ஊஞ்சல் உடைந்தால் இன்னொன்று போடலாம். மரங்களோ, 1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தையே மொட்டையாக்கிய பிறகும் மீண்டும் தழைத்தன. ஒருமுறை கைமாறிய நிலம் அப்படித் திரும்பி வருவதில்லை. பூங்காவின் ஆயுள் அதன் பத்திரத்திலே இருக்கிறது.

நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1986இல் வெளியான ஒழுங்குவிதிகள், அச்சட்டத்தின்படி பிரகடனம் செய்யப்பட்ட பிரதேசங்களில், ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடுபவர், வீதிகள் நீங்கலாக எஞ்சும் பரப்பிற் பத்து வீதத்துக்குக் குறையாத நிலத்தைச் சமூகத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் திறந்த வெளிக்குமாக ஒதுக்க வேண்டுமென விதித்தன. 2021இல் புதிய விதிகள் வந்துவிட்டமையால், தம் குடியிருப்பின் பிளான் எந்த ஆண்டில் அங்கீகரிக்கப்பட்டது என்பதையும், ஊர் பிரகடனத்துக்குள் அடங்குகிறதா என்பதையும் முதலிற் கேட்டறிதல் அவசியம். உதாரணமாக மூன்று ஏக்கர்க் காணியை எடுத்துக்கொள்வோம். அது 480 பேர்ச். வீதிக்கு 80 பேர்ச் போனால் மிச்சம் 400. பொதுவுக்குரியது 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். கால் ஏக்கரென்றால் ஒரு சிறுவர் பூங்காவுக்கும் அதைச் சுற்றி நாலு வேப்ப மரத்துக்கும் தாராளமாகப் போதும். இந்தக் கால் ஏக்கரை மிச்சம் பிடிக்க விரும்புகிறவர், அதே காணியை ஒரு ஹெக்டயருக்குக் குறைந்த இரண்டு பங்குகளாக்கி, வெவ்வேறு பெயரில், வெவ்வேறு காலத்திற் பிளான் போடுவதும் கூடும். விற்பனைப் பலகையில் இரண்டு பெயர் இருந்து, உள்ளே ஒரே வீதி ஓடினால் சந்தேகிக்க இடமுண்டு.

ஒதுக்கிய துண்டைப் பிளானிலே பச்சை நிறத்திற் காட்டிவிட்டு, அதைச் சபையின் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுக்காமலே விட்டுவிடுவது இதனினும் பெரிய ஆபத்து. வீட்டுத் துண்டுகளெல்லாம் விலைப்பட்டு, வாங்கியவர்கள் கிணறு தோண்டிக் குடிபுகுந்து, பிளான் பிரதி அலமாரியிற் பழுப்பேறிய பிறகு, அந்தப் பச்சைத் துண்டும் ஒருநாள் இன்னொருவருக்கு விலையாகிறது. பாவம், வாங்குகிறவருக்கும் விஷயம் தெரியாது. தவிரவும், தனியார் பெயரிலிருக்கும் நிலத்தை உரிமையாளருக்கு எதிரிடையாகத் தடையின்றிப் பத்து வருடம் ஆண்டவர், 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியுரிமை கோரலாம். அரச காணிக்கு எதிராக அந்த வாதம் செல்லாது. அரச காணியிற் குந்தியிருப்பவரை, 1979ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முப்பது நாளுக்குக் குறையாத அறிவித்தல் கொடுத்து, நீதவான் மூலம் வெளியேற்றவும் முடியும்.

சபையே பூங்காவை எடுத்துக் கடைத்தொகுதி கட்ட முனைந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பர். கேட்கத்தக்க கேள்விதான். கொழும்புக் காலிமுகத்திடல் நடைபாதையைத் தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856இல் தொடக்கி 1859இல் நிறைவேற்றியபோது, நகரத்துப் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைத் தமக்குப் பின்வருவோரிடம் ஒப்படைப்பதாகக் கல்லிலே பொறித்து வைத்தார். பிற்காலத்தில் அத்திடலை ஒரு தனியார் கம்பனிக்குக் கேளிக்கை வளாகமாகக் கொடுக்க ஒப்பந்தமாயிற்று. பத்திரங்களைக் காட்டும்படி கேட்ட சூழற் பாதுகாப்பு நிறுவனமொன்றுக்கு அவை மறுக்கப்பட்டன. அந்நிறுவனம் தொடுத்த வழக்கில் 2005இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், அந்த மறுப்பே அடிப்படை உரிமை மீறல் என்றது. 2008இல், பொதுத் தேவைக்கெனச் சுவீகரித்த பத்தரமுல்லைத் தாழ்நிலம் கொல்ப் மைதானமான வழக்கில், முன்னாள் ஜனாதிபதி ஒருவரே முப்பது இலட்சம் ரூபா செலுத்த நேர்ந்தது. பொதுச் சொத்துக்கு அதிகாரிகள் தருமகர்த்தாக்கள் மாத்திரமே என்பது இவ்வழக்குகளால் ஸ்திரப்பட்ட கொள்கை.

காலிமுகத்திடலுக்காக உயர் நீதிமன்றம் வரை போய்க் கேட்ட தகவலை இன்று செங்கலடிப் பிரஜை ஒரு காகிதத்திற் கேட்டுப் பெறலாம். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, காரணம் எதுவும் சொல்லாமல், அங்கீகரித்த பிளானின் பிரதியையும், பொது ஒதுக்கம் சபைக்குப் பாரமான உறுதியின் இலக்கத்தையும் தமிழிலேயே கேட்கலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் வரவேண்டும்; மறுத்தால் பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். உறுதி முடிக்கப்படவில்லை என்று விடை வந்தால், அதுவே கையிலுள்ள பலமான ஆதாரம். அதை இணைத்துத் தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் எழுதி, சபைக் கூட்டத்திற் பிரேரணையாகக் கொண்டுவரச் செய்யலாம். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேலாகச் சபைகளில் உறுப்பினரில்லாமற் செயலாளர்களே நிர்வாகம் நடத்திய காலத்துக் கோவைகளை விசேஷமாகப் பார்த்தல் நன்று.

இருக்கிற பூங்காவின் சீர்கேடு வேறு சங்கதி. சங்கிலி அறுந்து ஒருபுறம் தொங்கும் ஊஞ்சற் பலகை, மழைநீர் தேங்கிய டயரும் சிரட்டையும், திறப்பு யாரிடமென்று தெரியாத வாசற்கதவு ஆகியவற்றைச் சீர்செய்வதும் சபையின் வேலையே. பூங்காவின் பாதையைக் கல்லும் கிறவலும் கொட்டி அடைத்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் அதை அகற்றக் கட்டளையிடலாம். அயல் வயலை மண் போட்டு நிரப்பினால், 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியைக் காட்டும்படி கேட்க வேண்டும்.

சபையின் தீர்மானமே சட்டவிரோதமென்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் செல்வோருக்குக் கால எல்லை ஒரே மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்திற் சேராது.