வீட்டுப் பிராணியும் நோயற்ற வாழ்வும்



மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் வழியில், மண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டத்தில், ஆதகூர் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. கி.பி. 949-ஆம் ஆண்டில் தமிழகத்துத் தக்கோலத்தில் நிகழ்ந்த பெரும் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியை வரலாறு படித்தோர் அறிவர். அப்போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணை நின்றவன் கங்க மன்னன் பூதுகன். பூதுகனைச் சார்ந்திருந்த மணலேரன் என்னும் வீரனின் ஆற்றலை மெச்சி, வேண்டும் பரிசைக் கேட்குமாறு அரசன் பணித்தபோது, அவ்வீரன் கேட்டது 'காளி' என்னும் வேட்டை நாயை! பின்னொரு நாள் காளி ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு பொருதது. இரண்டும் ஒருங்கே மாண்டன. அந்த நாயின் நினைவாக ஆதகூரில் எழுப்பிய கல், இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

நம் தமிழகமும் இதில் பின்தங்கியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை காத்து இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்னும் நாயையும் அது பெயர் சொல்லிப் போற்றுகின்றது.

அக்காலத்தார் நாயிடம் நாடியது காவலையும் வேட்டைத் துணையையும். இன்று நமக்கு வேட்டையும் இல்லை. ஆநிரை கவர வருவாரும் இல்லை. ஆயினும் நம்மைக் கவர்ந்து செல்லக் காத்திருக்கும் பகை வேறு இரண்டு உண்டு. ஒன்று நோய், மற்றொன்று தனிமை. இவ்விரு பகையினின்றும் வீட்டுப் பிராணி நம்மைக் காக்குமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இந்த வினா சற்று நெருங்கியது. ஒரு பெரியவரை மனத்திலே எண்ணிப் பாருங்கள். தஞ்சை மாவட்டத்தில் முப்பதாண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். துணைவியார் மறைந்த பின், மகனோடு வாழ மைசூருக்கு வந்தவர். மகனும் மருமகளும் காலையில் அலுவலகம் சென்றால் இரவில்தான் திரும்புவார்கள். பேரன் பள்ளிக்குச் சென்றுவிடுவான். கன்னடம் அவருக்குப் பிடிபடவில்லை. சாமுண்டி மலையைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நாளைக் கழிக்கிறார். உணவு குறைகிறது, உறக்கம் குறைகிறது, இரத்த அழுத்தம் மட்டும் ஏறுகிறது. மாத்திரை கொடுக்க மருத்துவர் உண்டு. ஆனால், "இன்று எழுந்து எதற்காக வாசலுக்குப் போக வேண்டும்?" என்னும் கேள்விக்கு மாத்திரையில் விடை உண்டோ?

இத்தகையோருக்கு ஒரு பிராணியின் துணை என்ன செய்யும் என்பதை அறிவியலார் ஆராய்ந்திருக்கின்றனர். 1980-ஆம் ஆண்டில் எரிக்கா பிரீட்மன் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தனர். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் அவ்வாண்டுக்குள் இறந்தனர். வளர்க்காத 39 பேரில் 11 பேர் இறந்தனர். 2017-இல் சுவீடன் நாட்டில் 34 இலட்சம் மக்களின் பதிவுகளைக் கொண்டு மிகப் பெரியதோர் ஆய்வு நடைபெற்றது. தனியே வாழ்வோரில், நாய் வளர்ப்போர் இறக்கும் அபாயம் மற்றவரைவிட 33 விழுக்காடு குறைந்திருந்தது. குடும்பத்தோடு வாழ்வோரிடம் இந்த வேறுபாடு சிறிதாகவே இருந்தது. தனித்திருப்பவர்க்கே துணையின் பயன் மிகுதி என்பது இதனால் பெறப்படும்.

இப்பயன் எவ்வழியாக வருகின்றது? முதலாவது வழி நடை. மழையாயினும் பனியாயினும், நாய் காலையில் கதவருகே வந்து நின்றுவிடும். மருத்துவர் சொல்லியும் நடவாதவர், நாய்க்காக நடப்பார். இரண்டாவது வழி தொடுதல். பழகிய பிராணியைத் தடவிக்கொடுக்கும்போது மனத்தின் இறுக்கம் தளர்கின்றது. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இருவரிடமும் பெருகுவதை, 2015-இல் சப்பானிய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். மூன்றாவது வழி ஒழுங்கு. வேளைக்குச் சோறு வைக்க வேண்டிய உயிர் ஒன்று வீட்டில் இருந்தால், நம் வேளைகளும் தாமே ஒழுங்குபடும்.

நான்காவது வழிதான் நமக்கு மிக உகந்தது. அது அயலாரின் நட்பு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் அமெரிக்காவின் மூன்று நகரங்களிலும் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், பிராணி வளர்ப்போர் தம் தெருவாரோடு அறிமுகமாகும் வாய்ப்பு மிகுதி என்று கண்டனர். நாம் சொன்ன பெரியவர் நாயோடு வெளியே போனால், எதிரே வருபவர் "இதன் பெயர் என்ன?" என்று கன்னடத்தில் கேட்பார். விடை சொல்ல ஒரு சொல் போதும். நாளை இன்னொரு சொல். ஆறு திங்களில் அவர் கன்னடம் பேசுவார். அத்தெருவும் அவருக்குத் தன் தெருவாகிவிடும்.

குழந்தைகளுக்கும் இது பொருந்தும். நியூயார்க்கு நகரில் போரிஸ் லெவின்சன் என்னும் உளநூல் அறிஞர், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் தம்முடைய 'ஜிங்கிள்ஸ்' என்னும் நாயோடு ஒட்டி உறவாடியதைக் கண்டு வியந்தார். சிகிச்சையில் நாயையும் துணைவனாகக் கொள்ளலாம் என்று 1962-இல் அவர் எழுதினார். மைசூரில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழரான எழுத்தாளர் ஆர். கே. நாராயண், சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். பெற்றோரைப் பிரிந்திருந்த அப்பிள்ளைப் பருவத்தில் ஒரு மயிலும் ஒரு குரங்கும் தமக்குத் தோழராயிருந்ததை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஆனால் இன்று மயிலையோ குரங்கையோ வீட்டில் வளர்ப்பது குற்றம். பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டதே. நாய், பூனை, தொட்டி மீன் போன்றவையே வீட்டுக்கு ஏற்றவை.

இனி, மறுபக்கத்தையும் கூறுவது கடமை. மேற்சொன்ன ஆய்வுகள் ஓர் இயைபைக் காட்டுவனவேயன்றி, பிராணியே காரணம் என்று முடிவாக நிறுவுவன அல்ல. உடல் நலமுடையவரே நாய் வளர்க்க முன்வருகின்றனர் என்றும் கூறலாம் அன்றோ? அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் இந்த ஆய்வுகளையெல்லாம் எடைபோட்டு, நாய் வளர்ப்பு இதயத்துக்கு நன்மை தரக்கூடும் என்றது. ஆயினும் அந்த ஒரு நோக்கத்துக்காக மட்டும் பிராணியைக் கொண்டுவர வேண்டாம் என்றும் எச்சரித்தது. மருந்தை விடுத்து நாயை நம்புவது பேதைமை.

வெறிநாய்க்கடி நோயை நாம் ஒரு கணமும் மறத்தல் ஆகாது. அதன் குறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆனால் அதனை வருமுன் காத்தல் எளிது. 1885-இல் லூயி பாஸ்டர் கண்ட தடுப்பு முறையைத் தென்னாட்டார்க்கு அளிக்க, நீலகிரியின் குன்னூரில் 1907-இலேயே பாஸ்டர் நிலையம் எழுந்தது. நாய் கடித்தால், அது வளர்ப்பு நாயே ஆயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுக. உடனே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்க. மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காலம் கடத்தற்க. வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி தவறாது போடுக. குடற்புழு மருந்தும் தருக. கருவுற்ற பெண்டிர் பூனையின் கழிவை அள்ளுதல் கூடாது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே பிராணியை வீட்டில் சேர்த்தல் நலம். தள்ளாத முதியோர்க்கு, இழுத்தோடும் பெரிய நாய் வேண்டாம். விழுந்தால் எலும்பு முறியும்.

எந்த நாயை வளர்ப்பது என்று கேட்பீர்கள். பனி நாட்டுக்கென அமைந்த அடர்ந்த மயிருடைய நாய் நம் வெயிலில் வருந்தும். தமிழகத்தின் இராசபாளையம், சிப்பிப்பாறை, கருநாடகத்தின் முதோள் ஆகியவை நம் மண்ணுக்குரியவை. எனினும் ஓடித் திரிய இடம் வேண்டுபவை. சிறு வீட்டில் வாழ்வோர்க்குத் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியே போதும். அதற்கும் இடமில்லையெனில், மாடியில் ஒரு சட்டி நீர் வைத்தால் சிட்டுக்குருவி வந்து அருந்தும். அதைக் காண்பதும் ஒரு மருந்தே.

வாடகை வீட்டில் வாழ்வோர் முன்னதாகவே வீட்டுக்காரரின் இசைவைப் பெறுக. இன்னொரு வினாவும் உண்டு. பொங்கலுக்கும் திருமணத்துக்கும் நாம் ஊர் செல்லும்போது அந்த வாயில்லா உயிரை யார் பார்த்துக்கொள்வார்? இதற்கு விடை கண்ட பின்னரே குட்டியை வீட்டுக்குக் கொண்டு வருக. பத்தாண்டுக்கு மேல் நம்மை நம்பி வாழப்போகும் உயிர் அது. சலித்த பின் தெருவில் விடும் பொம்மை அன்று.

அயலாரிடம் சாவியைக் கொடுத்து, "இரண்டு நாள் இதற்குச் சோறு வையுங்கள்" என்று கேட்கும் அளவுக்கு நட்பு வளர்ந்துவிட்டதென்றால், அப்பெரியவரின் தனிமை எப்போதோ நீங்கிவிட்டது என்று பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காளிக்குக் கல் நட்டார்கள். நாம் கல் நட வேண்டியதில்லை. வேளைக்கு உணவும், ஆண்டுக்கொரு ஊசியும், நாளும் சிறிது நடையும் அளித்தால் போதும். அது நமக்குத் திருப்பித் தருவது அதனினும் பெரிது.