மாடிக்கு ஏறிய மேட்டுப்பாத்தி

பால்கனி வேளாண்மை – 9

புனேயை ஒட்டிய ஹிஞ்சேவாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கீரை ஒரு தீராத குறை. வெந்தயக்கீரை, பாலக், 'ஷேபு' என்கிற சதகுப்பை, 'அம்பாடி' என்கிற நம்ம புளிச்சக்கீரை எல்லாம் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். அரைக்கீரையும் மணத்தக்காளியும் வேண்டுமென்றால் ஊரிலிருந்து விதை கொண்டுவந்து தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதை எதில் போடுவது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க் வருமுன் இந்த முல்ஷி தாலுகா கிராமம் விளைநிலம். தக்காணத்தின் எரிமலைப் பாறை மக்கி உண்டான கரிசல் மண் இங்கே உண்டு. வயலில் அது தங்கம், பெட்டியில் தலைவலி. நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும், தண்ணீரை லேசில் இறங்க விடாது. கட்டடத்துக்குத் தோண்டிய மண் சும்மா கிடக்கிறதே என்று அள்ளிக்கொண்டு மாடி ஏறாதீர்கள்.

ஊரில் மேட்டுப்பாத்தி போடுவது எதற்கு? வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, மண் இறுகக் கூடாது, ஓரத்தில் நின்றபடியே களை எடுக்கக் கை எட்ட வேண்டும். மாடியில் வைக்கும் பலகைப் பெட்டிக்கும் இதே இலக்கணம்தான். சுவரை ஒட்டி வைத்தால் அகலம் 60 செ.மீ. போதும், இரண்டு பக்கமும் நடக்க இடமிருந்தால் 120 செ.மீ. வரை போகலாம். கீரைக்கு 20 செ.மீ. ஆழம், மிளகாய்க்கும் கத்தரிக்கும் 30 செ.மீ. முட்டிவலிக்கார அப்பா அம்மா வீட்டில் இருந்தால் கால் வைத்து இடுப்பளவு உயர்த்திவிடுங்கள்.

மாடியில் புதிதாகச் சேர்வது எடை. 120 செ.மீ. நீளம், 60 அகலம், 30 ஆழம் உள்ள பெட்டி 216 லிட்டர் கொள்ளும். வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் 350 கிலோவுக்குக் குறையாது. பெட்டி அடைக்கும் இடமோ முக்கால் சதுர மீட்டர்கூட இல்லை. அதாவது, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய அரை டன். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, வீட்டு பால்கனிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு அதில் பாதி, சுமார் 150 கிலோ. கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறதா?

மகாராஷ்டிரத்தின் மாடித் தோட்டக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். மும்பையில் டாக்டர் ஆர்.டி. தோஷி மண்ணைக் குறைத்துக் கரும்புச் சக்கையை நிரப்பிப் பயிர் வைத்துக் காட்டினார். மும்பைத் துறைமுகக் கழகத்தின் உணவுப் பிரிவு அதிகாரியாக இருந்த ப்ரீத்தி பாட்டீல், சமையல்கூடக் கழிவை உரமாக்கி அதன் மொட்டை மாடியிலேயே தோட்டம் போட்டார். நம் பக்கத்தில் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித் தோட்டத் தளைகளிலும் முக்கியச் சரக்கு தென்னை நார்க் கழிவுதான்.

ஹிஞ்சேவாடியில் சக்கைக்குப் பஞ்சமில்லை, 'ரஸவந்தி' என்று பலகை மாட்டிய கரும்புச்சாறுக் கடையில் கேட்டுப் பாருங்கள். காய்ந்த இலைக்குப் புனேயில் ஓர் இயக்கமே இருக்கிறது. அதிதி தேவ்தர் தொடங்கிய 'பிரவுன் லீஃப்', சருகைக் கொளுத்தாமல் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் சேர்க்கிறது. பெட்டியில் கீழ்ப்பாதி சருகும் சக்கையும். நன்றாக மிதித்து, சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளியுங்கள். மேல்பாதி மட்கிய உரமும் ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க் கழிவும், அதோடு கொஞ்சம் செம்மண். எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சருகு மட்க மட்கப் பெட்டி தாழும். அறுவடைக்கு ஒரு தடவை மேலே உரம் போட்டு நிரப்பினால் சரி. மொட்டை மாடி முழுக்கப் பரப்பாமல், உத்தரமோ சுவரோ ஓடும் ஓரமாக வையுங்கள்.

பலகைக்குக் கடை கடையாக அலைய வேண்டாம். சாகன் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு சுமந்து வரும் பேலட் கட்டைகள் 'பங்கார்' என்கிற பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். வாங்குமுன் ஓரத்தில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படம், நாட்டின் குறி, பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து. 'எச்.டி.' என்றால் வெப்பத்தில் பதப்படுத்திய மரம், தாராளமாக எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப் புகை போட்டது, தொட வேண்டாம். எண்ணெய்க் கறை படிந்ததையும் ஒதுக்கிவிடுங்கள்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது நர்சரிக்காரரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வது. நடப்பது நேர்மாறு. பொடி மண்ணிலிருக்கும் ஈரம், கீழே பெரிய இடுக்கு வந்ததும் இறங்காமல் நின்றுவிடும்; அந்த இடுக்கை ஒட்டிய மண் ஊறித் ததும்பினால்தான் சொட்டும். ஜல்லி போட்டால் எடை கூடும், வேருக்கு இடம் குறையும், ஈரம் இன்னும் மேலேயே நிற்கும். பலகை இடுக்குகளை அப்படியே விட்டு, உள்ளே நிழல்வலைத் துணியை விரித்தால் போதும். பெட்டியைத் தரையோடு படிய வைக்காதீர்கள். நான்கு விரல் உயரமாவது இருந்தால்தான் தளம் காயும். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு டைல்ஸ் துண்டு கொடுத்தால் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு பிழைக்கும்.

கடைசியாக, பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆடி என்றால் புனே வட்டாரத்தில் கொட்டும் மழை. கீரை விதை மிதந்து போகும், முளைத்தது அழுகும். மழை ஓய்கிற புரட்டாசிக் கடைசியில் விதையுங்கள். அங்கிருந்து மாசி வரை வெயிலும் குளிரும் கீரைக்கு வாகானவை. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது நிழல்வலையும் மேலே விரல் தடிமனுக்குச் சருகு மூடாக்கும் வேண்டும்.

பலகை, ஆணி, விதை எதுவும் அவசரமில்லை. முதலில் டேப் எடுத்து இடத்தை அளந்து, நிரப்பப்போகும் சரக்கு நனைந்தால் எத்தனை கிலோ என்று தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் குடியிருப்புச் சங்கத்துப் பொறியாளரிடம் காட்டிவிட்டுச் சுத்தியலைக் கையில் எடுங்கள்.

(வளரும்)