கருவாடும் களியும்: வெனிஸ் நாட்டு விருந்து நம் அடுப்பில்



ஃபீனிக்ஸ் பே படகுத்துறையைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கருவாட்டைக் குறித்து எவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு, ஏதோ குற்றம் செய்பவரைப்போல் அதை வறுக்கிறவர்கள் நம்மில் எத்தனைபேர்! பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்களே என்று அச்சம். பள்ளித் தோழர்கள் வரும் நாளில் கருவாடு வேண்டாம் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். ஊரில் பாட்டி கையால் கேழ்வரகுக் களியோடு கருவாட்டுக் குழம்பு உண்டு வளர்ந்தவர்கள், நகரத்திற்கு வந்தபின் அதை மறைத்து உண்கிறோம்.

இத்தாலியின் வடகிழக்கே, வெனிஸ் நகரைத் தலைநகராகக் கொண்ட வெனெத்தோ மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே உலர்ந்த மீனும் மக்காச்சோளக் களியும் விருந்தினருக்கு முன் பெருமையோடு வைக்கப்படுகின்றன. மீனுக்குப் பெயர் பக்கலா. களிக்குப் பெயர் பொலெந்தா. விச்சென்சா நகரத்தாரின் பக்கலா செய்முறையைப் பேணுவதற்கென்றே சாந்திரிகோ என்னும் சிற்றூரில் 1987-இல் ஒரு சங்கம் ஏற்படுத்தப்பட்டது என்றால் பாருங்கள்.

அந்த மீன் அங்கே வந்துசேர்ந்த வரலாறு சுவையானது. பியேத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் 1431-இல் கிரேத்தா தீவிலிருந்து திராட்சரசம் ஏற்றிக்கொண்டு வடக்கே கப்பலோட்டினார். புயலில் கப்பல் அழிந்தது. பிழைத்த சிலர் 1432-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நார்வேயின் ரோஸ்ட் தீவருகே கரையேறினார்கள். அத்தீவின் மீனவர்கள் அவர்களைத் தங்கள் வீடுகளில் வைத்துப் பராமரித்தார்கள். அவர்கள் காட் மீனை உப்பின்றிக் குளிர்காற்றிலேயே கட்டைபோல் உலர்த்துவதைக் குவெரினி கண்டு எழுதிவைத்தார். இறைச்சி விலக்கிய உபவாச நாட்களுக்கு ஏற்றதாகப் பிற்காலத்தில் அது இத்தாலியெங்கும் பரவிற்று. பிற இடங்களில் பக்கலா என்றால் உப்பிட்ட காட். வெனெத்தோவில் மட்டும் உப்பிடாத உலர்மீனையே அப்பெயரால் அழைக்கிறார்கள்.

அந்தமானில் உப்பின்றி மீன் உலராது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் இடம் இது. இரு பருவக்காற்றுகளும் இங்கே மழை தருகின்றன. உப்பு மீனின் ஈரத்தை வெளியே இழுத்து, அழுகச்செய்யும் கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது. ஆகையால் நமக்குக் கிடைப்பது உப்புக் கருவாடே. இந்தச் சமையலுக்கு நெத்திலி, வாளை போன்ற மெல்லியவை உதவா. தடித்த நெய்மீன் கருவாடு (இங்குள்ள இந்திக்காரர்கள் சுர்மாய் என்பார்கள்), அல்லது பன்னா வாங்குங்கள். ஐந்து பேருக்கு 400 கிராம் போதும்.

சமையலின் வெற்றி ஊறவைப்பதில் இருக்கிறது. கருவாட்டைக் கழுவி, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். நம் வெப்பத்தில் வெளியே வைப்பது ஆபத்து. மூன்று நான்கு முறை தண்ணீரை மாற்றவேண்டும். காலையில் ஒரு சிறு துண்டை வேகவைத்துச் சுவைத்துப் பாருங்கள். இன்னும் கரித்தால் மீண்டும் ஊறட்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தமுள்ள பெற்றோர் வீட்டில் இருந்தால் இந்த ஒரு படியில் அவசரப்படாதீர்கள்.

பின் முள்ளையும் தோலையும் நீக்கி, மீனைப் பெரிய துண்டுகளாக்கிக் கோதுமை மாவில் லேசாகப் புரட்டுங்கள். அடிகனமான பாத்திரத்தில் கால் தம்ளர் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி, மெல்லியதாக நறுக்கிய மூன்று பெரிய வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்குங்கள். அது சிவக்கக்கூடாது, குழைய வேண்டும். அவர்கள் இதில் உப்பிட்ட மத்தி மீனைக் கரைப்பார்கள். நாம் நான்கைந்து நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்துச் சேர்க்கலாம். அதன்மேல் மீனை அடுக்கி, மிளகுத்தூள் தூவி, இரண்டு தம்ளர் பால் ஊற்றி, மூடி வையுங்கள். அவர்களின் கட்டைமீனுக்கு நாலரை மணி நேரம் ஆகும். நம் கருவாட்டிற்கு ஒரு மணி நேரம் தாராளம். கரண்டியால் கிளறவே கூடாது. அவ்வப்போது பாத்திரத்தைப் பிடித்து அசைத்துவிட்டால் போதும். தக்காளியும் வேண்டாம், பால் திரிந்துவிடும்.

"மீனோடு பாலா? உடலில் வெண்புள்ளி வருமே!" என்று உங்கள் மாமியார் கேட்பார். வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறமளிக்கும் அணுக்கள் அழிவதால் உண்டாவது. மீனும் பாலும் சேர்வதால் அது வருவதில்லை. வெனெத்தோ மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் உண்டு வருகிறார்கள். எனினும் பெரியவர்களோடு வழக்காடி அன்றைய விருந்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தேங்காய்ப்பால் இருக்கிறதே! அந்தமானில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. முதற்பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்குங்கள். என் நாவுக்கு இதுவே மேலாகப் படுகிறது.

களிக்கு மக்காச்சோள ரவை வேண்டும். கடையில் "கார்ன்ஃப்ளவர்" என்று விற்கும் வெள்ளை மாவை வாங்கிவிடாதீர்கள், அது பசைபோலாகிவிடும். ரவை கிடைக்காவிடில், வட இந்தியர் மக்கி ரொட்டிக்கு வாங்கும் மஞ்சள் மாவே போதும். ஒரு பங்கு ரவைக்கு நான்கு பங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் துழாவுங்கள். நாற்பது நிமிடம் சிறு தீயில் அடிக்கடி கிண்ட வேண்டும். மாவானால் சீக்கிரம் வெந்துவிடும். களி துழாவிப் பழகிய நம் கைகளுக்கு இது புதிதன்று.

இக்களியைத் தனியே உண்டு மாண்டவர்களும் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மக்காச்சோளம் வட இத்தாலியின் ஏழைகளுக்கு மூன்று வேளை உணவாயிற்று. அந்தத் தானியத்தில் உள்ள நியாசின் என்னும் சத்து எளிதில் உடலில் சேராது. தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலித்து அவர்கள் மடிந்தார்கள். 1771-இல் மிலான் மருத்துவர் பிரான்செஸ்கோ ப்ராப்போல்லி அந்நோயைப் பெல்லக்ரா, அதாவது சொரசொரத்த தோல், என்று எழுதினார். நம் தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடமும் இது காணப்பட்டது. நியாசின் குறையினால் வருவது என்று 1937-க்குப் பிறகே தெளிவாயிற்று. உத்தரத்தில் ஒரே ஒரு உப்புமீனைக் கட்டித் தொங்கவிட்டு, குடும்பத்தார் யாவரும் தங்கள் களித்துண்டை அதன்மேல் தேய்த்து உண்டதாக அந்நாட்டில் கதை உண்டு. வாசனையால் நோய் தீராதே! மீனை உண்டவர்களே தப்பினார்கள். நியாசினும், உடல் அதை ஆக்கிக்கொள்ள உதவும் புரதமும் மீனில் உள்ளன. ஆகவே பிள்ளைகளின் தட்டில் களியை மட்டும் குவிக்காமல் மீன் துண்டையும் சேர்த்து வையுங்கள்.

வெந்த களியை மரப்பலகையில் கொட்டிப் பரப்பி, ஆறியதும் நூலால் அறுப்பது அவர்கள் வழக்கம். சுடச்சுடக் கிண்ணத்தில் இட்டு, நடுவே குழித்து மீனை ஊற்றினாலும் நன்று, மேலே கொத்தமல்லித்தழை. மீந்த களித்துண்டுகளை மறுநாள் காலை தோசைக்கல்லில் எண்ணெய் தடவி இருபுறமும் முறுகவிடுங்கள். முந்தின இரவின் மீன் குழம்பு அதற்குள் இன்னும் இறுகி, சுவை கூடியிருக்கும்.