குதிரைக்கு லாயம்தான் பிடிக்குமா?

சில வருடங்களுக்கு முன்னால் ப்ராஜெக்ட் வேலையாகக் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருந்தோம். மகளுக்கு அப்போது 11 வயது. குதிரைப் பைத்தியம். வார இறுதியில் பக்கத்துக் கிராமத்தில் இருந்த ஒரு சிறிய லாயத்துக்குப் போய், சாணம் அள்ளி, தண்ணீர் வாளி நிரப்பி, அதற்குக் கூலியாக அரை மணி நேரம் சவாரி செய்துவிட்டு வருவாள். டிரைவர் வேலை எனக்கு. மழையில் காருக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, வேலை பார்ப்பது போல் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கிழக்குதிரை இருந்தது. 22 வயது. காலையில் மேய்ச்சல் வெளியில் விட்டால், கொஞ்ச நேரம் புல்லைக் கடித்துவிட்டு நேராகக் கேட்டுக்கு வந்து நின்றுவிடும். பல ஏக்கர் பச்சைப் புல் பின்னால் விரிந்து கிடக்க, அது லாயத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அவ்வப்போது ஒரு கனைப்பு. கேட் ஓரத்து மண் அதன் குளம்பு பட்டுப்பட்டே சேறாகியிருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் மகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். "அப்பா, இனிமே அவனை வெளிய விடமாட்டாங்களாம். குளிர்காலம் பூரா உள்ளேயே கட்டிவெப்பாங்களாம். அவனுக்கு லாயம்தான் பிடிக்குதுன்னு சொல்றாங்க."

லாயத்து அம்மாளைக் குறை சொல்லமாட்டேன். முப்பது வருடமாகக் குதிரையோடு வாழ்கிறவர். நாள் பூரா கேட்டில் நிற்கும் மிருகத்தைப் பார்த்து, பாவம், உள்ளே வரட்டும் என்று நினைத்ததில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் அதற்குக் கால் மூட்டில் வாதம் இருந்தது. மூட்டுவாதம் உள்ள குதிரை நாலு சுவருக்குள் நின்றுகொண்டே இருந்தால் மூட்டு இன்னும் இறுகிப்போகும். மெதுவாக நடந்துகொண்டே இருப்பதுதான் அதற்கு நல்லது. அதனால், "அவனுக்குப் பிடிக்கிறது" என்ற அந்த ஒரு வாக்கியம் உண்மையா இல்லையா என்பதில் அதன் மிச்ச வாழ்க்கையே அடங்கியிருந்தது. அன்று இரவு படிக்க ஆரம்பித்தேன்.

முதலில், குதிரை ஏன் உள்ளே வர நினைக்கிறது? காரணம் ஒன்றல்ல, பல.

முதல் காரணம் தீனி. குதிரையின் இரைப்பை அதன் உடம்போடு ஒப்பிட்டால் ரொம்பச் சிறியது. அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். ஆனால் குதிரைக்கு மெல்லும்போதுதான் உமிழ்நீர் சுரக்கும். அதனால்தான் சுதந்திரமாகத் திரியும் குதிரை ஒரு நாளில் பாதிக்கு மேல் மேய்வதிலேயே கழிக்கிறது. இப்படிப்பட்ட பிராணிக்கு, தினமும் சரியாக மூன்று மணிக்கு லாயத்துக்குள் ஒரு வாளி நிறைய ஓட்ஸும் தீவனமும் கிடைக்கும் என்று பழக்கிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு மணிக்கே கேட்டுக்கு வந்துவிடும். அது லாயத்தின் மேல் உள்ள பிரியம் இல்லை, வாளியின் மேல் உள்ள பிரியம். ஆபீஸில் பன்னிரண்டரை மணிக்கே கேன்டீன் வாசலில் நிற்பவனுக்குக் கேன்டீன் கட்டடம் பிடித்திருக்கிறது என்றா சொல்வோம்?

இரண்டாவது, பூச்சி. கோடையில் குதிரை ஈக்கள் ரத்தம் வரக் கடிக்கும். கொசுவைவிடச் சிறிய ஒருவகைப் பூச்சி கடித்து, அதன் ஒவ்வாமையால் பிடரியையும் வாலையும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. குதிரை ஈ இருட்டான கட்டடத்துக்குள் அவ்வளவாக வராது. எனவே ஜூலை மதியத்தில் குதிரை லாயத்தைத் தேடுவது முழுக்க நியாயம். தெற்கு பிரான்ஸின் கமார்க் சதுப்புநிலக் குதிரைகளை வைத்து 1979ல் வந்த ஒரு ஆய்வு சுவாரசியமானது: பெரிய கூட்டத்தில் நிற்கும் குதிரைக்கு, சிறிய கூட்டத்தில் நிற்பதைவிடக் குறைந்த கடியே விழுகிறது. கூட்டமே ஒரு கொசுவலை மாதிரி.

மூன்றாவது, மழையும் காற்றும். குளிரைக் குதிரை நன்றாகவே தாங்கும். அடர்ந்த ரோமம் இருக்கிறது. நார்த்தீனி பெருங்குடலில் புளிக்கும்போது வரும் சூடும் இருக்கிறது. ஆனால் மழையும் பலத்த காற்றும் சேர்ந்து வந்தால் ரோமம் நனைந்து படிந்து, உள்ளே சூட்டைப் பிடித்துவைக்கும் காற்று போய்விடும். ஒதுங்க ஒரு மரமோ கொட்டகையோ இல்லாத வெளியில் லாயம் ஒன்றுதான் கூரை.

நான்காவதுதான் முக்கியம்: துணை. குதிரை, வேட்டையாடப்படும் பிராணியாக வந்த மந்தை விலங்கு. நின்றுகொண்டே அரைத்தூக்கம் போட்டுவிடும், ஆனால் கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்துக்குத் தரையில் படுத்தே ஆக வேண்டும். பயமில்லாத இடத்தில்தான் படுக்கும். மந்தையில் ஒன்று படுத்தால் இன்னொன்று நின்று காவல் காக்கும். தனியாக ஒரு வெளியில் விடப்பட்ட குதிரைக்குக் காவலுக்கு ஆளில்லை. பக்கத்து அறைகளில் மற்ற குதிரைகளின் மூச்சும் வாசனையும் இருக்கும் லாயம், அதற்கு மந்தை மாதிரி.

ஐந்தாவது, உடம்பு வலி. குளம்பில் வலி, பல் தேய்மானம், கண் மங்கல், இரைப்பைப் புண் என்று எதுவாக இருந்தாலும் வெளியே நடமாடப் பிடிக்காமல் போகலாம். திடீரென்று ஒரு குதிரை மேய்ச்சலை வெறுக்கத் தொடங்கினால் முதலில் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

சரி, குதிரையையே கேட்டால் என்ன? கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஹவுப்ட் என்ற கால்நடை நடத்தை நிபுணரும் சகாக்களும் 2011ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். லாயத்தில் வளரும் குதிரைகளை வெளியே விட்டு, குறிப்பிட்ட இடைவெளியில், இருக்கிறாயா, உள்ளே போகிறாயா என்று வாய்ப்பு கொடுத்தார்கள். தனியாக விட்டபோது குதிரைகள் சராசரியாகச் சுமார் 17 நிமிடத்தில் உள்ளே போய்விட்டன. மற்ற குதிரைகளோடு விட்டபோது அது சுமார் 35 நிமிடம். இரண்டு நாள் வெளியே விடாமல் வைத்திருந்து, பிறகு துணையோடு விட்டபோது சுமார் 54 நிமிடம். ஆனால் அதே இரண்டு நாள் அடைப்புக்குப் பிறகு தனியாக விட்டால் நேரம் கூடவே இல்லை.

இந்த எண்களை முதலில் படித்தபோது லாயத்து அம்மாள் சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று தோன்றியது. பதினேழே நிமிடம்! ஆனால் மறுபடி படித்துப் பாருங்கள். இடம் மாறவில்லை, குதிரை மாறவில்லை. துணை ஒன்று மட்டும்தான் மாறியது. நேரம் இரண்டு மடங்கு ஆனது. அப்படியென்றால் 17 நிமிடத்தில் குதிரை "வெளி வேண்டாம்" என்று சொல்லவில்லை, "தனியாக வேண்டாம்" என்று சொல்கிறது. வெப்சைட்டில் ஒரு பட்டனை யாரும் அழுத்தவில்லை என்றால், அந்த வசதியே யாருக்கும் வேண்டாம் என்று முடிவு கட்டும் மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். லாகில் இருப்பது என்ன செய்தார்கள் என்பது மட்டும்தான். ஏன் என்பது அதில் இருக்காது.

விலங்குகளிடம் விருப்பத்தைக் கேட்கும் இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1964ல் ரூத் ஹாரிசன் தொழிற்சாலை முறைப் பண்ணைகளைப் பற்றி 'அனிமல் மெஷின்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். பிரிட்டனில் பெரிய கொந்தளிப்பு. அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965ல் அறிக்கை கொடுத்தது. கோழிக் கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலை கூடாது, கனமான கம்பி வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. பிறகு ஆய்வாளர்கள் கோழிகளையே தேர்வு செய்யவிட்டுப் பார்த்தால், அவை அந்த மெல்லிய வலையைத்தான் விரும்பின! மனிதன் பார்வையில் நல்லது என்று படுவது கோழியின் காலுக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டில் மேரியன் டாக்கின்ஸ் 1970களில் செய்த சோதனைகள். கூண்டா, வெளியில் புல்தரையா என்று கோழிகளிடம் விட்டார். கூண்டிலேயே வளர்ந்த கோழிகள் முதலில் கூண்டுப் பக்கமே போயின. அதோடு நிறுத்தியிருந்தால் "கோழிக்குக் கூண்டுதான் பிடிக்கும்" என்று தலைப்புச் செய்தி போட்டிருக்கலாம். வெளியைச் சில தடவை அனுபவித்த பிறகு அதே கோழிகள் வெளியைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தன. பழகினது எதுவோ அதைத் தேடுவது ஒன்று. இரண்டையும் தெரிந்துகொண்டு தேடுவது வேறொன்று.

இதில் எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். விரும்புவதெல்லாம் நல்லதும் அல்ல. வசந்தகாலப் புல்லில் சர்க்கரைச் சத்து அதிகம். அதை வயிறு முட்டத் தின்ற மட்டக்குதிரைகளுக்குக் குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்கவே முடியாமல் போகும். அவற்றைக் கேட்டால் "புல், புல்" என்றுதான் சொல்லும். உடையவர்தான் தடுக்க வேண்டும். அதேபோல, மூடிய லாயத்தின் தூசியும் மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் நுரையீரலைக் கெடுக்கும். மாதக்கணக்கில் வரும் அந்தக் கெடுதல் இன்று மாலை உள்ளே போக நினைக்கும் குதிரைக்குத் தெரியாது. நீண்ட நேரம் அடைபட்ட குதிரைகள் சில, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே நிற்கும். சில கட்டையைப் பல்லால் கவ்விக் காற்றை உறிஞ்சும். ஆடும் குதிரையின் அறையில் ஒரு கண்ணாடியை மாட்டினால் ஆட்டம் குறைகிறது என்று இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். கண்ணாடியில் தெரிவது தன் உருவம்தான். அதுவே கொஞ்சம் துணையாகிவிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு என்னவோ போல் இருந்தது.

நார்வேயில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2016ல் வந்த ஆய்வில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் கற்றுக்கொடுத்தார்கள்: படுக்கைக் கோடு என்றால் போர்வை போடு, நெட்டுக் கோடு என்றால் போர்வையை எடு, வெறும் பலகை என்றால் இருப்பது இருக்கட்டும். இரண்டு வாரத்துக்குள் அத்தனை குதிரையும் கற்றுக்கொண்டன. குளிர்ந்த மழை நாளில் போர்வை கேட்டன, வெயில் அடித்தால் எடுக்கச் சொல்லின. ஒரே குதிரை, வானிலையைப் பொறுத்து வேறு வேறு பதில். "இதற்கு எது பிடிக்கும்" என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. எப்போது, யாரோடு, எந்த நிலையில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் லாயத்து அம்மாளிடம் ஒப்பிக்கவில்லை. முப்பது வருட அனுபவத்திடம் முந்தாநாள் படித்தவன் பாடம் எடுக்கக் கூடாது. மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, சனி, ஞாயிறு இரண்டு நாளும் அரை மணிக்கு ஒருதரம் குதிரை எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது, வானிலை எப்படி என்று எழுதச் சொன்னேன். இன்னொரு கேள்வியையும் கேட்டுவரச் சொன்னேன்: "எப்போதிலிருந்து இப்படி?"

பதில் வந்தது. செப்டம்பரிலிருந்து. அதோடு ஆறு வருடம் மேய்ந்துகொண்டிருந்த பெண் குதிரையை அந்த மாதம்தான் விற்றிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை டீபக் செய்வதுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நோட்டைப் பார்த்த அந்த அம்மாள், "சரி, ரெண்டு வாரம் பாப்போம்" என்று ஒத்துக்கொண்டார். முதல் வாரம் காய்ந்த புல்லைக் கேட்டிலிருந்து தள்ளி, வெளியின் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் போட்டார்கள். காலையில் கேட்டில் நிற்பது குறைந்தது. மதியம் பழைய கதைதான். இரண்டாவது வாரம், சாதுவான ஒரு கிழட்டு மட்டக்குதிரையை, வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக நிற்கவைத்துப் பழக்கிவிட்டு, அதோடு சேர்த்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளின் நோட்டில் பதினொன்றரை மணிக்கு எதிரே ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது: "படுத்திருக்கான்." எனக்கே சந்தேகம். காரை விட்டு இறங்கி வேலி வரைக்கும் போய்ப் பார்த்தேன். ஈரப் புல்லில் சாம்பல் குதிரை காலை நீட்டிப் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. மட்டக்குதிரை பக்கத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். மூன்று மணிக்கு முன்னாலேயே இரண்டும் கேட்டுக்கு வந்துவிடும். காற்றோடு மழை பெய்தால் காலை பத்து மணிக்கே வந்துவிடும். அப்போது உள்ளே விட்டார்கள், அது நியாயமான கோரிக்கை. ஆனால் குளிர்காலம் முழுக்க அடைத்துவைக்கும் யோசனையை அந்த அம்மாள் கைவிட்டார். அடுத்த கோடையில் நாங்கள் ஊர் திரும்பும்வரை அது வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது.

சுவிட்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்பு விதிகள், ஒரு குதிரை இன்னொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் முடியும்படிதான் வைக்க வேண்டும் என்கின்றன. முன்பெல்லாம் இதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டுமா என்று சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பதில்லை. யாராவது, "அதுக்கு அதுதாங்க பிடிக்கும்" என்று சொன்னால், அது குதிரையோ நாயோ வீட்டுப் பெரியவரோ, எனக்கு உடனே கேட்கத் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: வேற என்ன கொடுத்துப் பாத்தீங்க?