நியூட்ரலில் இறங்கிய காலம்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்க 14 கொண்டை ஊசி வளைவுகள். அம்பாசிடர் காலத்து டாக்சிக்காரர்கள் அந்தச் சரிவில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வருவார்கள். துணிந்தவர்கள் சாவியையே திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவதும் உண்டு. பிரேக் காய்ந்து நாற்றமடிக்கும். உயிரோடு விளையாட்டுதான். ஆனால் பெட்ரோல் கணக்கில் அவர்கள் ஏமாளிகள் இல்லை. கார்புரேட்டர் வண்டி கியரில் இறங்கினாலும் காற்றோடு பெட்ரோலையும் உறிஞ்சிக்கொண்டேதான் வரும்.

2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதோடு கணக்கு தலைகீழாகிவிட்டது. இப்போது கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் ஓரளவு வேகத்தில் சுற்றும்வரை ஒரு சொட்டுப் பெட்ரோலும் உள்ளே போகாது. சரிவே அதைச் சுற்றிவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். காசும் போகிறது, இன்ஜினின் பிடிப்பும் போகிறது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? "எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் சார்" என்பார்கள். அப்பா ஓட்டிய வண்டி வேறு.

காலையில் சோக்கை இழுத்து, வண்டியைச் சூடாக்கிக் கிளம்பியதும் அந்த நாளுக்குச் சரி. இன்று சோக்கே கிடையாது. ஆனாலும் வாசலில் ஐந்து நிமிடம் உறுமவிடும் வழக்கம் போகவில்லை. அரை நிமிடம் போதும். அப்புறம் நிதானமாக ஓட்டினால் தானே சூடேறிவிடும்.

மெக்கானிக்கின் வேலையும் மாறிவிட்டது. முன்பு பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்த்து, பிளக்கில் படிந்த கரியைச் சுரண்டி, கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் சீரானால்தான் டியூனிங் முடியும். அந்தக் காதுக்கு இப்போது வேலையில்லை, ஸ்கேனரைச் செருகுகிறார்கள். ஏர் ஃபில்டர் அடைத்தால் அன்று பெட்ரோல் செலவு ஏறும். இன்று சென்சார் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத்தான் விடுகிறது. அடிபடுவது பெரும்பாலும் பிக்கப்தான்.

2021-இல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு மைலேஜ் பேசாத ஆளில்லை. எத்தனால் கலப்பால் மைலேஜ் கொஞ்சம் குறைவது நம் கையில் இல்லை. முன்னே சிவப்பு விளக்கு தெரிந்தும் மிதித்துக்கொண்டு போய் பிரேக் அடிப்பதும், டயரில் காற்றுக் குறைவதும் நம் கையில்தான் இருக்கின்றன. இந்த இரண்டும் அம்பாசிடருக்கும் நேற்று வாங்கிய காருக்கும் ஒன்றே.

பங்க்கில் காற்றடிக்கும்போது "எவ்வளவு சார் வைக்க?" என்று கேட்டால் நம்மில் பலர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பெரும்பாலான கார்களில் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று அதிலேயே இருக்கிறது. அடுத்த முறை அதைப் பார்த்துச் சொல்லுங்கள். டயர் சூடேறுமுன் காலையிலேயே காற்றடித்துவிட்டால் அளவும் பிசகாது.