45 வயதில் மீண்டும் சாம்பியன்

குத்துச்சண்டையை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். இரண்டு பேர் கையுறை போட்டுக்கொண்டு மேடை ஏறுவார்கள். மேடையைச் சுற்றி நான்கு பக்கமும் கயிறு கட்டியிருக்கும். மணி அடித்ததும் சண்டை தொடங்கும்.

பார்ப்பதற்கு வெறும் அடிதடி போலத் தெரியும். ஆனால் இதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. இடுப்புக்குக் கீழே குத்தக் கூடாது. ஒரு சுற்று 3 நிமிடம். பிறகு 1 நிமிடம் ஓய்வு. அடி வாங்கி ஒருவர் கீழே விழுந்தால், நடுவர் 1 முதல் 10 வரை எண்ணுவார். அதற்குள் எழுந்து நிற்க வேண்டும். எழாவிட்டால் தோல்வி. இருவருமே கடைசி வரை நின்றால், யார் நன்றாகச் சண்டை போட்டார் என்று மதிப்பெண் போட்டு முடிவு சொல்வார்கள்.

ஒருவரோடு ஒருவர் மோத, எடையும் ஒத்திருக்க வேண்டும். அதற்காகப் பல பிரிவுகள் உண்டு. அவற்றில் மிகப் பெரிய உடல்காரர்களின் பிரிவுக்கு ஹெவிவெயிட் என்று பெயர். இன்றைய விதிப்படி, சுமார் 90 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் இதில் வருவார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு, இதையே பிழைப்பாகச் செய்கிறவர்கள் தொழில்முறை வீரர்கள். அப்படி ஒருவரின் கதை இது. அவர் பெயர் ஜார்ஜ் ஃபோர்மேன்.

வழி தவறிய பிள்ளை

ஜார்ஜ் 1949-இல் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். கறுப்பின மக்களைச் சேர்ந்தவர். வளர்ந்தது ஹூஸ்டன் நகரில், ஏழைகள் வாழ்ந்த ஒரு பகுதியில். வீட்டில் 7 பிள்ளைகள். அவர்களை வளர்க்கத் தாய் மிகவும் பாடுபட்டார்.

ஜார்ஜுக்கு வாட்டசாட்டமான உடம்பு. ஆனால் படிப்பில் மனம் போகவில்லை. பள்ளியைப் பாதியிலேயே விட்டுவிட்டார். தெருவில் அடிதடி, வழிப்பறி என்று இறங்கினார். ஒரு நாள் போலீசுக்குப் பயந்து ஒரு வீட்டின் அடியில் ஊர்ந்து போய் ஒளிந்தார். மோப்ப நாய் கண்டுபிடிக்காமல் இருக்க, உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டார். அந்தச் சேற்றில் கிடந்தபோதுதான் தாம் ஒரு திருடன் என்பது அவருக்கே உறைத்தது.

அந்த நாளில் அமெரிக்க அரசு ஏழை இளைஞர்களுக்காக ஒரு திட்டம் நடத்தியது. முகாமில் தங்க இடம், சாப்பாடு, படிப்பு, கைத்தொழில் எல்லாம் கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் அதன் விளம்பரத்தைப் பார்த்து ஜார்ஜ் சேர்ந்தார். அப்போது அவருக்கு 16 வயது. விட்ட படிப்பை அங்கே தொடர்ந்து சான்றிதழ் வாங்கினார். கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார்.

ஆனால் முகாமிலும் சண்டை ஓயவில்லை. அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் டாக் பிராடஸ். அவர்தான் ஜார்ஜைக் குத்துச்சண்டைப் பக்கம் திருப்பினார். தெருவில் போட்ட சண்டை மேடை ஏறியது. 1968-இல் மெக்சிகோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. 19 வயது ஜார்ஜ் தங்கப் பதக்கம் வென்றார்.

யானைக்கும் அடி சறுக்கும்

1969-இல் அவர் தொழில்முறை வீரர் ஆனார். அவருடைய குத்து சம்மட்டி அடி போல விழும். பெரும்பாலான சண்டைகள் சில சுற்றுகளிலேயே முடிந்துவிடும். 1973-இல் ஜமைக்கா நாட்டில் உலக சாம்பியன் ஜோ ஃபிரேசியரோடு மோதினார். 2 சுற்றுக்குள் ஃபிரேசியரை 6 முறை கீழே தள்ளினார். பட்டம் ஜார்ஜுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு அவரை எதிர்த்து வந்தவர் முகமது அலி. அலி முன்னாள் சாம்பியன். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தை இழந்தவர். அவருக்கு அப்போது 32 வயது. ஜார்ஜுக்கு 25. ஜார்ஜ் மோதிய 40 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. அலி தோற்பது உறுதி என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

சண்டை நடந்த இடம் ஆப்பிரிக்காவில் ஜயர் நாட்டின் தலைநகர் கின்ஷாசா. இன்று அந்த நாட்டின் பெயர் காங்கோ ஜனநாயகக் குடியரசு. நாள் 1974 அக்டோபர் 30. அமெரிக்க மக்கள் இரவில் பார்க்க வேண்டும் என்பதற்காக, அங்கே விடியற்காலை 4 மணிக்குச் சண்டை வைத்தார்கள். ஆளுக்கு 50 லட்சம் டாலர் கூலி.

அலி என்ன செய்தார் தெரியுமா? ஓடவில்லை. கயிற்றில் சாய்ந்துகொண்டார். இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டார். ஜார்ஜைக் குத்த விட்டார். ஜார்ஜ் முழு பலத்தோடு குத்திக்கொண்டே இருந்தார். பல அடிகள் அலியின் கைகளில்தான் விழுந்தன. சில விலாவில் விழுந்தன. அலி தாங்கிக்கொண்டார். இடையிடையே பேசிச் சீண்டினார்.

சுற்றுகள் போகப் போக ஜார்ஜின் கை ஓய்ந்தது. புழுக்கம் வேறு. மூச்சு வாங்கியது. 8-ஆம் சுற்றில் அலி பாய்ந்தார். சரமாரியாகக் குத்தினார். ஜார்ஜ் சுழன்று கீழே விழுந்தார். நடுவர் எண்ணி முடிப்பதற்குள் அவரால் எழ முடியவில்லை. பலம் தோற்றது. பொறுமை வென்றது.

கயிறு தொய்வாக இருந்தது என்றார் ஜார்ஜ். நடுவர் வேகமாக எண்ணிவிட்டார் என்றார். தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அலிதான் தம்மைவிடச் சிறந்தவர் என்று ஒப்புக்கொள்ள அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது வாழ்க்கை

1977-இல் ஜிம்மி யங் என்பவரிடமும் ஜார்ஜ் தோற்றார். அன்றோடு குத்துச்சண்டையை விட்டார். கிறிஸ்தவப் போதகர் ஆனார். 10 ஆண்டுகள் மேடை ஏறவில்லை. 1984-இல் ஹூஸ்டனில் இளைஞர் மையம் ஒன்றைத் தொடங்கினார். தம்மைப் போல வழி தவறும் பிள்ளைகளுக்கு அது ஒரு புகலிடம்.

மையத்தை நடத்தப் பணம் போதவில்லை. யாரிடமும் கையேந்த அவருக்கு மனமில்லை. தெரிந்த தொழில் ஒன்றுதான். 1987-இல், 38 வயதில், மீண்டும் கையுறை மாட்டினார். அப்போது எடை சுமார் 120 கிலோ. தொப்பையைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். ஜார்ஜும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

இப்போது அவர் வேறு ஆள். அவசரப்படவில்லை. பலத்தைச் சேமித்து வைத்துக் குத்தினார். இடைவேளையில் மற்றவர்கள் முக்காலியில் உட்காருவார்கள். ஜார்ஜ் நின்றுகொண்டே இருப்பார். 1991-இல் அன்றைய சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டோடு 12 சுற்றும் நின்று, மதிப்பெண்ணில் தோற்றார். அப்போது அவருக்கு 42 வயது.

1994 நவம்பர் 5. லாஸ் வேகாஸ் நகரம். எதிரே 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரர். ஜார்ஜுக்கு மகன் வயது. 20 ஆண்டுகளுக்கு முன் கின்ஷாசாவில் போட்டிருந்த அதே சிவப்புக் கால்சட்டையை ஜார்ஜ் போட்டுக்கொண்டார். அன்று அலிக்குப் பயிற்சியாளராக இருந்த ஏஞ்சலோ டண்டி, இன்று ஜார்ஜின் பக்கம் நின்றார்.

9 சுற்று வரை மூரரே முன்னிலையில் இருந்தார். ஜார்ஜ் அடி வாங்கினார். ஆனால் விழவில்லை. அவர் காத்திருந்தார். 10-ஆம் சுற்றில் அவருடைய வலது கை நேராகப் போய் மூரரின் தாடையில் இறங்கியது. மூரர் மல்லாந்து விழுந்தார். நடுவர் 10 எண்ணினார். ஜார்ஜ் மூலையில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார். ஹெவிவெயிட் பிரிவில் 45 வயதில் உலகப் பட்டம் வென்றவர் வேறு யாரும் இல்லை.

இந்தத் தொழிலின் மறுபக்கம்

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். 1982-இல் தென் கொரியாவின் கிம் டுக் கூ என்ற இளம் வீரர் சண்டையில் அடிபட்டு இறந்தார். முன்பு பட்டத்துக்கான சண்டை 15 சுற்று. அவருடைய சாவுக்குப் பிறகு, படிப்படியாக அதை 12 சுற்றாகக் குறைத்தார்கள்.

அலிக்கும் 1984-இல் கைகால் நடுக்கும் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. கின்ஷாசா சண்டையைப் பற்றிய படம் 1997-இல் ஆஸ்கர் விருது பெற்றது. விருது மேடைக்கு ஏற அலி தடுமாறினார். கைபிடித்து ஏற்றிவிட்டவர் ஜார்ஜ். ஒரு காலத்தில் எதிரிகளாக இருந்தவர்கள் நல்ல நண்பர்கள் ஆகியிருந்தார்கள்.

அதே ஆண்டு ஜார்ஜ் கடைசியாகச் சண்டையிட்டார். மொத்தம் 81 சண்டைகள். 76 வெற்றி. 5 தோல்வி. இறைச்சி சுடும் மின் அடுப்பு ஒன்று அவர் பெயரில் விற்பனையாகி, சண்டையில் சம்பாதித்ததைவிட அதிகப் பணத்தைத் தந்தது. 2025 மார்ச் 21 அன்று, 76 வயதில், அவர் காலமானார்.

25 வயதில் ஜார்ஜிடம் பலம் மட்டும் இருந்தது. 45 வயதில் பலம் குறைந்திருந்தது. ஆனால் காத்திருக்கக் கற்றிருந்தார். அதைக் கற்றுக்கொடுத்தது கின்ஷாசாவில் கிடைத்த தோல்விதான்.

கூடிப் பேசுங்கள்

1. கின்ஷாசாவில் ஜார்ஜ் ஏன் தோற்றார்?
2. தோற்றதும் அவர் சொன்ன காரணங்கள் சரியா? நாமும் அப்படிச் சொல்வது உண்டா?
3. "இந்த வயதில் இது எதற்கு?" என்று யாராவது உங்களிடம் சொன்னது உண்டா? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?