சாங்தாங் ட்ரெக்கிங் போறீங்களா? 'ஆளே இல்லாத' அந்த நிலம் யாருடையது?

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பழுப்பு நிறச் சமவெளி. நடுவில் ஆழ்ந்த நீலத்தில் ஓர் ஏரி. மரம் இல்லை, கட்டடம் இல்லை, மனித வாசனையே இல்லை. கிழக்கு லடாக்கின் சாங்தாங் பற்றிய ரீல்ஸைப் பார்த்துவிட்டு, 'ஒரு பத்து நாள் லீவு போட்டுக் கிளம்பிடலாமா?' என்று நீங்களும் யோசித்திருக்கலாம்.

தாராளமாகப் போகலாம். ஆனா டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பத்து நாள் போதாது. இரண்டு, அது ஆளில்லாத இடம் இல்லை.

சாங்தாங் எங்கே இருக்கிறது?

திபெத்திலிருந்து லடாக்கின் கிழக்குப் பகுதி வரை நீளும் உயர்ந்த பீடபூமிதான் சாங்தாங். பெரும்பகுதி 4,000 மீட்டருக்கு மேல். மழை மிகக் குறைவு. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும்.

இங்கே பலர் தேர்ந்தெடுக்கும் பாதை, ரும்ட்சே கிராமத்தில் தொடங்கி, சோ கார் உப்பு ஏரி வழியாக, சோ மோரிரி ஏரிக்கரையில் உள்ள கோர்சோக் கிராமத்தில் முடிகிறது. நடக்க ஏழெட்டு நாள் ஆகும். வழியில் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் பல. ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் சீசன். இரண்டு ஏரிகளுமே ராம்சர் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள். கருங்கழுத்துக் கொக்குகள் கூடு கட்டுவதும், கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள் மேய்வதும் இங்கேதான்.

அங்கே வாழ்பவர்கள் யார்?

சாங்பா மக்கள். ஆடு, செம்மறி, யாக், குதிரை வளர்க்கும் அரை நாடோடி மேய்ப்பர்கள். 'அரை' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோர்சோக் போன்ற கிராமங்களில் பல குடும்பங்களுக்கு வீடு உண்டு. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி மந்தையோடு இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். யாக் முடியில் நெய்த 'ரேபோ' என்ற கறுப்புக் கூடாரம்தான் அவர்களுடைய பழைய வீடு. இப்போது துணிக் கூடாரங்களும் நிறைய வந்துவிட்டன.

நீங்கள் கேள்விப்பட்ட பஷ்மினா சால்வையின் தொடக்கம் இவர்கள் வளர்க்கும் சாங்தாங்கி ஆடுதான். கடுங்குளிரைத் தாங்க அதன் உடலில் முடிக்கு அடியில் மென்மையான உள்ரோமம் வளரும். கோடை தொடங்கும்போது அதைச் சீப்பால் வாரி எடுப்பார்கள். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 200 முதல் 300 கிராம். அதையும் சுத்தம் செய்தால் இன்னும் குறையும்.

அப்புறம் ஏன் அந்த இடம் காலியாக இருக்கிறது?

இதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். எந்த மந்தை எந்த மாதம் எங்கே மேய வேண்டும் என்பதற்கு அங்கே ஊர் ஒழுங்கு உண்டு. 'கோபா' எனப்படும் ஊர்த் தலைவர் அதைக் கவனித்துக்கொள்வார். குளிர்காலத்துக்கான புல்வெளியில் கோடையில் கால் வைக்க மாட்டார்கள். பனி விழும்போது ஆடுகளுக்குத் தீனி வேண்டுமே! ஆக, ஜூலையில் நீங்கள் பார்க்கும் 'காலி' நிலம், யாரோ டிசம்பருக்காகப் போட்டு வைத்திருக்கும் எஃப்.டி. மாதிரி.

அந்தச் சேமிப்பு தீர்ந்தால் என்ன ஆகும்? 2013 தொடக்கத்தில் கடும் பனிப்பொழிவு புல்லை மூடியபோது சாங்தாங்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்தன. பிழைத்தாலும் மந்தை பழைய அளவுக்கு வர ஆண்டுகள் பிடிக்கும்.

இப்போது உங்கள் ட்ரெக்கிங் குழுவை யோசியுங்கள். கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாவற்றையும் சுமக்கக் குதிரைகள் வரும். குழுவில் ஆள் கூடக் கூடக் குதிரைகளும் கூடும். இரவு அவிழ்த்துவிட்டால் அவை மேய்வது அந்த எஃப்.டி.யைத்தான். மிச்சச் சாப்பாட்டைக் கொட்டினால் நாய்கள் பெருகும். அவை ஆட்டுக்குட்டிகளையும் கொக்குக் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை.

சாங்பாக்கள் ஏன் குறைகிறார்கள்?

சுற்றுலா ஒரு சின்னப் பகுதிதான். 1959-க்குப் பின் திபெத்திலிருந்து அகதிகள் மந்தைகளோடு வந்தார்கள். 1962 போருக்குப் பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த மேய்ச்சல் நிலங்கள் கைவிட்டுப் போயின. நிலம் சுருங்கியது, கால்நடை கூடியது. 2020 எல்லை மோதலுக்குப் பிறகு சில இடங்களில் மந்தையை ஓட்டிச் செல்ல முடியவில்லை என்று மேய்ப்பர்கள் சொல்லி வருகிறார்கள். பாங் பகுதியில் வரவிருக்கும் 13 ஜிகாவாட் பசுமை மின் திட்டத்துக்காக, 2023 அக்டோபரில் மின்பாதை அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தங்கள் புல்வெளி போய்விடுமோ என்பது மேய்ப்பர்களின் பயம். ஏனென்றால் அந்த நிலமும் வரைபடத்தில் 'காலி'தான்.

இதோடு பள்ளிக்கூடம், மருத்துவமனை, வேலை. கர்னாக் பகுதியின் பல குடும்பங்கள் மந்தையை விற்றுவிட்டு லே நகருக்கு அருகே குடியேறிவிட்டன. மைனஸ் 30 டிகிரியில் ஆடு மேய்க்கப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

புக் செய்வதற்கு முன் என்ன கேட்கணும்?

விலையைக் கேட்பதற்கு முன், ஏற்பாடு செய்பவரிடம் இந்த நான்கைக் கேளுங்கள்:

1. வழிகாட்டியும் குதிரைக்காரரும் எந்த ஊர்? சாங்தாங் ஆட்களாக இருந்தால் பணம் அங்கேயே நிற்கும். எந்தப் புல்வெளியைத் தொடக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

2. குதிரைகளுக்குத் தீவனம் கொண்டு போகிறீர்களா?

3. குப்பையை லே வரை திருப்பிக் கொண்டு வருவீர்களா? கழிப்பிடக் குழி ஓடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

4. கடைசி இரவு கோர்சோக்கில் ஊர்க்காரர் வீட்டில் தங்க முடியுமா?

சரியான பதில் வரவில்லையா? வேறு ஆளைப் பாருங்கள்.

பத்து நாள் ஏன் போதாது?

விமானம் உங்களை நேராக 3,500 மீட்டரில், லேயில் இறக்கிவிடும். குறைந்தது இரண்டு முழு நாள் அங்கே ஓய்வெடுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. சோ மோரிரி இருக்கும் 4,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். பயண நாட்களையும் சேர்த்தால் இரண்டு வாரம் வேண்டும். லீவு பத்து நாள்தான் என்றால் இந்தப் பாதையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். ஓய்வு நாட்களை மட்டும் வெட்டாதீர்கள்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், இரவாக இருந்தாலும் சரி. 'குழுவுக்குத் தொந்தரவா இருக்கும்' என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து. சோ கார் பக்கம் சாலை இருக்கிறது. அதைத் தாண்டி கணவாய்களுக்குள் போய்விட்டால் வண்டி வராது. சந்தேகம் இருந்தால் சோ காரிலேயே நிறுத்திவிடுங்கள். டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

இன்னும் சில விஷயங்கள்: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். ட்ரெக் பாதையில் அதுவும் கிடைக்காது. அனுமதியில்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் சட்டவிரோதம். இந்தியர்களுக்கான இன்னர் லைன் பெர்மிட் விதி 2021-ல் தளர்த்தப்பட்டது. ஆனாலும் இது எல்லைப் பகுதி. கட்டணத்தையும் நடப்பு விதியையும் லே மாவட்ட நிர்வாகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழியில் ரேபோ ஒன்றைக் கண்டால் நேராக நுழைந்துவிடாதீர்கள். காவல் நாய்கள் இருக்கும். தூரத்திலேயே நின்று 'ஜூலே' என்று குரல் கொடுங்கள். கூப்பிட்டால் உள்ளே போய் வெண்ணெய் டீ குடியுங்கள். போட்டோ எடுக்க ஆசையா? முதலில் கேளுங்கள். அப்புறம் அதை போஸ்ட் செய்யும்போது, 'ஆளே இல்லாத இடம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.